நாற்பத்திரண்டு ஜிபி திண்ணை

வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் பிராசஸருக்கு ஒரு வாரம், கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு வாரம் என்று அலசுவார்கள். எஸ்எஸ்டி என்று வரும்போது மட்டும் 'எத்தனை டிபி, என்ன விலை' என்ற இரண்டு கேள்வியோடு கடையை விட்டு இறங்கிவிடுவார்கள். சாம்சங் 2020இல் கொண்டுவந்த 870 கியூவிஓ அந்த இரண்டு கேள்விக்கும் மனம் குளிரப் பதில் சொல்லும் டிரைவ். சாட்டா கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது, சத்தமும் இல்லை. படிக்க நொடிக்கு 560 எம்பி, எழுத 530 என்கிற வேகம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாரக்கணக்கில் பழகினாலும் குறையே கண்ணில் படாமல் போகலாம். ஒரேயொரு வேலையில்தான் அது வெளியே வரும். அந்த வேலையோ புதுக் கம்ப்யூட்டர் கட்டிய அன்றே வந்து நிற்கும்: பழைய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்றுவது.

1 டிபி மாடலில் அந்த 530 எல்லாம் முதல் 42 ஜிபி வரைக்கும்தான். அதற்குப் பிறகு எழுதும் வேகம் 80 எம்பிக்கு விழுகிறது. இது சாம்சங்கே தன் தகவல்தாளில் தந்திருக்கும் எண். 500 ஜிபி படங்களையும் வீடியோக்களையும் மாற்றுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், முதல் 42 ஜிபி ஒன்றரை நிமிடத்துக்குள் போய்விடும். மீதி 458 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பழைய கேபினெட்டில் உறுமிக்கொண்டிருக்கும் 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கேகூட நல்ல நிலையில் 150 எம்பியைத் தாண்டி எழுதும். காரணம் சிப்புக்குள் இருக்கிறது. கியூஎல்சி வகையில் ஒரு செல்லுக்குள் 4 பிட். அதாவது 16 மின்னழுத்த நிலைகளில் ஒன்றைப் பிசகாமல் பதிய வேண்டும். அதற்கு நேரமாகும். அதனால் கொஞ்சம் இடத்தைச் செல்லுக்கு ஒரே பிட் என்று வேகமாக நிரப்பி, பிறகு ஓய்வு நேரத்தில் அடுக்கிக்கொள்கிறது. வந்த சரக்கைத் திண்ணையில் இறக்கிவிட்டு, ஆள் ஓய்ந்தபின் பரணில் ஏற்றுவது போல. திண்ணை நிறைந்துவிட்டால் ஒவ்வொரு மூட்டையும் நேராகப் பரணுக்குத்தான் ஏற வேண்டும். அந்தத் திண்ணையிலும் 6 ஜிபிதான் நிரந்தரம். மற்ற 36 ஜிபி காலி இடத்திலிருந்து கடன் வாங்கியது. செல்லுக்கு ஒரு பிட் என்பதால் அதற்கு 144 ஜிபி காலியாக இருக்க வேண்டும். டிரைவ் நிரம்ப நிரம்பத் திண்ணையும் சுருங்கும்.

தினமும் 42 ஜிபியை ஒரே மூச்சில் எழுதுபவர் யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விண்டோஸ் திறப்பது, பாட்டுக் கேட்பது, கேம் ஆடுவது எல்லாம் பெரும்பாலும் படிக்கும் வேலை; அதில் இந்த டிரைவைக் குறை சொல்ல முடியாது. ஆயுளைப் பற்றிய பயமும் வீண். 1 டிபி கியூவிஓவுக்கு 360 டிபி எழுதும்வரை உத்தரவாதம். செல்லுக்குள் பிட் குறைவாக இருக்கும் டிஎல்சி வகையான 870 இவிஓவுக்கு அதுவே 600. வீட்டு உபயோகத்தில் இரண்டையுமே தொடுவது கடினம். ஆனால் 100 ஜிபியைத் தாண்டும் கேம்கள் இன்று சாதாரணம். வீடியோ எடிட் செய்பவருக்கும் முழு பேக்கப் எடுப்பவருக்கும் 42 ஜிபி ஒரு பொருட்டே இல்லை. 'என்விஎம்இ வாங்கினால் தீர்ந்தது' என்பதும் பாதி உண்மைதான். சாட்டாவைவிட அகலமான சாலைதான் அது; சாலையை அகலமாக்கினால் பரண் ஏணி அகலமாகாது. உள்ளே கியூஎல்சி இருந்தால், திண்ணை நிறைந்தபின் அதுவும் தள்ளாடத்தான் செய்யும்.

டிரைவைத் தயார் செய்யும் முறையையும் இந்த ஒரு குணமே தீர்மானிக்கிறது. பார்ட்டிஷன் முறை ஜிபிடியா எம்பிஆரா என்பதில் இன்று விவாதம் இல்லை, ஜிபிடிதான். ஃபார்மட் செய்யும்போது மட்டும் கவனம் வேண்டும். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸின் முழு ஃபார்மட் டிரைவ் முழுக்கப் பூஜ்யங்களை எழுதுகிறது. 80 எம்பி வேகத்தில் 1 டிபிக்கு அது மூன்று மணி நேரத்துக்கும் மேல், பலனும் இல்லை; குவிக் ஃபார்மட்டே போதும். திண்ணைக்கு 144 ஜிபி வேண்டும் என்பதால், அவ்வளவு இடத்தையாவது எப்போதும் காலியாக விடுவது நல்லது. அப்படிப் பார்த்தால் வாங்கிய 1 டிபியில் நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது ஏழில் ஆறு பங்குதான். விலையை ஒப்பிடும்போது யாரும் இந்தக் கழிவைச் சேர்ப்பதில்லை.

சாம்சங் மீது ஒரு மரியாதை மிஞ்சுகிறது. மலிவான சிப்புக்கு கியூவிஓ என்று தனிப் பெயர் வைத்தது, 80 என்ற எண்ணையும் மறைக்கவில்லை. குரூஷியல் பி2 டிரைவோ டிஎல்சியாக வந்து, பிறகு பெயரை மாற்றாமலே கியூஎல்சியாக மாறியது. 2021இல் அந்த மாற்றம் வெளியே தெரிந்தபோது, பழைய விமர்சனங்களை நம்பி வாங்கியவர்கள் வேறு பொருளைக் கையில் வைத்திருந்தார்கள். நேர்மை இருக்கிறது என்பதற்காக எல்லா இடத்திலும் கியூவிஓவைப் பொருத்த முடியாது. விண்டோஸ் இருக்கும் முதல் டிரைவுக்கு டிஎல்சிதான் சரி. எழுதிவிட்டுப் படித்துக்கொண்டே இருக்கும் இரண்டாம் டிரைவுக்குக் கியூவிஓ பொருந்தும். அப்போதும் 2 டிபி மாடலாக இருக்கட்டும். சிப்புகள் கூடுவதால் அதில் திண்ணை 78 ஜிபி, திண்ணை நிறைந்தபின் வேகமும் 160 எம்பி. ஹார்ட் டிஸ்க்கிடம் தோற்காமல் இருக்க அவ்வளவாவது வேண்டும்.