காலரா நச்சு காட்டும் தெப்பங்கள்

காலரா நச்சில் செல்லைக் கெடுப்பது ஏ பகுதி. அதை நீக்கிவிட்டால் எஞ்சும் பி பகுதி சாயம் ஏற்ற உதவும் அப்பாவிப் புரதம்தான் என்று ஆய்வகங்களில் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். இந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை.

பாக்டீரியா நச்சுகள் இல்லாமல் செல் உயிரியல் இவ்வளவு தூரம் வந்திருக்காது. காலராக் கிருமிகளை நீக்கிய வடிநீரே முயலின் குடலில் நீர் கோக்கச் செய்கிறது என்று 1959இல் கல்கத்தாவின் சம்புநாத் டே காட்டினார். டெட்டனஸ் நச்சு நரம்புமுனையில் உள்ள சினாப்டோபிரெவின் என்ற புரதத்தை வெட்டுகிறது என்று 1992இல் தெரிந்ததும், நரம்புமுனை செய்தியை எப்படி வெளியே விடுகிறது என்ற கேள்விக்குப் பெரிய பிடி கிடைத்தது. போட்டுலினம் கிருமியின் சி3 நொதி ரோ புரதத்தை முடக்கியதால்தான் ஆக்டின் கற்றைகளின் மர்மம் விளங்கியது. இங்கெல்லாம் நச்சு ஒன்றை முடக்குகிறது, விளைவை நாம் பார்க்கிறோம். குறை சொல்ல ஏதுமில்லை.

பி பகுதியின் கதை வேறு. செல்லின் சவ்வில் கொலஸ்டிராலும் ஸ்பிங்கோலிப்பிடுகளும் சிறு தெப்பங்களாகச் சேர்ந்து மிதக்கின்றன என்று 1997இல் சைமன்ஸும் இகோனனும் எழுதிய பிறகு, அவற்றைப் பார்க்கப் பலரும் பி பகுதியைக் கையில் எடுத்தார்கள். அது ஜிஎம்1 என்ற சர்க்கரைக் கொழுப்பைப் பிடிக்கும். ஆனால் அதில் ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்திருக்கின்றன. துண்டுக்கு ஒரு பிடி. ஆகவே ஐந்து ஜிஎம்1 வரை ஒரே இடத்தில் இழுத்துக் கட்டிவிடும். போதாக்குறைக்கு மேலே ஆன்டிபாடியைச் சேர்த்து வளையத்தோடு வளையத்தைப் பிணைக்கிறார்கள். செல் அதை உள்ளிழுத்துவிடாமல் இருக்கத் தட்டை ஐஸில் வைக்கிறார்கள். குளிரில் சவ்வின் கொழுப்புகள் பிரிந்து ஒதுங்குவது இன்னும் எளிது. கடைசியில் நுண்ணோக்கியில் பளிச்சென்று புள்ளிகள் தெரிகின்றன. அவை செல்லில் முன்பே இருந்தவையா, சாயம் திரட்டியவையா?

பதில் நெடுநாளாகக் கையில் இருக்கிறது. செயற்கைச் சவ்வு ஒன்று பி பகுதியைச் சேர்த்ததும் இரண்டு வகைப் பரப்புகளாகப் பிரிந்ததை 2005இல் காட்டினார்கள். செல்லிலிருந்து எடுத்த சவ்விலும், அதுவும் 37 டிகிரி வெப்பத்தில், 2008இல் அதையே கண்டார்கள். தெப்பங்களுக்கு இதுவே சான்று என்று வாதிடுவோர் உண்டு. சவ்வு பிரியத் தயாராக இருக்கிறது என்பதற்குச் சான்று, சரி. தொடாத செல்லில் அது பிரிந்தே இருந்தது என்பதற்கு இது எப்படிச் சான்றாகும்? போதாததற்கு, பி பகுதி புரதங்களின் மேலுள்ள ஃபியூகோஸ் சர்க்கரைகளையும் பிடிக்கும். ஒளிரும் புள்ளிகள் எல்லாமே ஜிஎம்1 என்று சொல்லக்கூட வழியில்லை.

ஒரே ஒரு பிடி மட்டும் வேலை செய்யும்படி மாற்றிய பி வளையங்களைச் செய்திருக்கிறார்கள். அவற்றால் சாயமேற்றிய செல்லையும் பக்கத்தில் வைத்துக் காட்டாத தெப்பப் படத்தை ஆய்விதழ்கள் சான்றாக அச்சிடவே கூடாது.