ராட்டினமும் மிதிபம்பும்

ஆப்பிரிக்கச் சமூகத் தொழில்முனைவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முனைவோரின் வரலாற்றை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கனவு, விருது, மேடைப் பேச்சு என்று அது வளரும். சாதனத்தை எடை போடுவார் குறைவு. அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்பார் அதனினும் குறைவு. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, தண்ணீர் இறைக்கும் இரண்டு முயற்சிகளை அருகருகே நிறுத்திப் பார்க்கலாம்: தென்னாப்பிரிக்காவின் பிளேபம்ப், கென்யாவில் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டின் மிதிபம்பு.

பிளேபம்பின் கருத்து அழகானது. பள்ளி வளாகத்தில் ஒரு ராட்டினம். பிள்ளைகள் சுற்றி விளையாட, ஆழ்துளைக் கிணற்று நீர் உயரத்தில் நிற்கும் 2,500 லிட்டர் தொட்டிக்கு ஏறும். தொட்டியின் நான்கு பக்கமும் பலகைகள். இரண்டில் வணிக விளம்பரம், இரண்டில் எய்ட்ஸ் விழிப்புணர்வு போன்ற பொதுச் செய்தி. விளம்பர வருமானம் பராமரிப்பைத் தாங்கும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரோனி ஸ்டைவர் வடிவமைத்ததை, விளம்பரத் துறையிலிருந்து வந்த ட்ரெவர் ஃபீல்ட் நிறுவனமாக்கினார். 2000இல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. 2006இல் முன்னாள் அமெரிக்க அதிபர் கிளிண்டனின் மாநாட்டு மேடையில், அன்றைய அதிபரின் மனைவி லாரா புஷ் 1.64 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தார். 2010க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு.

மேடையில் இருந்தவர்கள் ஒரு பெருக்கல் போட்டிருக்கலாம். ஒரு பம்பு மணிக்கு 1,400 லிட்டர் இறைக்கும், 2,500 பேருக்கு நீர் தரும் என்பவை நிறுவனமே சொன்ன எண்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் 37,500 லிட்டர் வேண்டும். ராட்டினம் நாளுக்கு ஏறத்தாழ 27 மணி நேரம் சுற்றியாக வேண்டும். லண்டனின் கார்டியன் நாளிதழ் 2009இல் இக்கணக்கை வெளியிட்டபோது நூற்றுக்கணக்கான ராட்டினங்கள் ஊன்றப்பட்டிருந்தன. ஒன்றின் விலை சுமார் 14,000 டாலர். அந்தப் பணத்தில் சாதாரண அடிபம்பு மூன்று நான்கு போட்டிருக்கலாம்.

ராட்டினங்கள் ஊன்றப்பட்ட நாடுகளில் ஒன்றான மொசாம்பிக்கில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் ராட்டினத்தைச் சுற்றியவர்கள் பெண்கள். குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, விளையாட்டுச் சாமானின் கம்பியைத் தள்ளிக்கொண்டு வட்டமடித்தார்கள். உடம்புக்கு அலுப்பு, ஊர் பார்க்கக் கூச்சம். ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே ராட்டினத்தை நட்ட ஊர்களும் உண்டு. பழுதானால் ஊர்க்காரர் கை வைக்க முடியாது. மெக்கானிக் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். விளம்பரப் பலகைகள் பல இடங்களில் வெறுமையாகவே நின்றன.

இவற்றைச் செயலாக்கக் குறைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. குறை கருத்தின் கட்டுமானத்தில் இருக்கிறது. தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில் விளம்பரதாரர் தேடும் வாடிக்கையாளர் இல்லை. ஆகவே பராமரிப்புக்கு முதலும் இல்லை. நிலத்தடி நீர் நன்றாக உள்ள பெரிய பள்ளிகளில், வேறு நீர் ஆதாரத்துக்குத் துணையாக இது பயன்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். முக்கியக் கொடையாளரான கேஸ் அறக்கட்டளை 2010இல் தன் தோல்வியை வெளிப்படையாக எழுதியதையும் நிறையின் பக்கம் சேர்க்கிறேன்; இத்துறையில் அது அபூர்வம்.

கிக்ஸ்டார்ட்டில் இந்த அழகு கிடையாது. மார்ட்டின் ஃபிஷரும் நிக் மூனும் 1991இல் நைரோபியில் அப்ரோடெக் என்ற பெயரில் அதைத் தொடங்கினார்கள். மிதிபம்பு அவர்களுக்கு முன்பே வங்கதேச வயல்களில் இருந்தது. அதை மேட்டு நிலத்துக்கு நீர் தள்ளுமாறு மாற்றியதும், கருவிகள் இல்லாமலேயே விவசாயி பிரித்து மாட்டும்படி செய்ததும் இவர்களின் செய்நேர்த்தி. அதைவிடப் பெரியது இலவசமாகக் கொடுப்பதில்லை என்ற முடிவு. சுமார் 100 டாலருக்கு உரக்கடையில் விற்கப்பட்டது. வாங்கியவர் கோடையில் தக்காளியும் கீரையும் போட்டு, சந்தையில் விலை ஏறியிருக்கும்போது விற்பார். பலன் இல்லையென்றால் பக்கத்துத் தோட்டக்காரர் வாங்கமாட்டார். பிளேபம்புக்கு இப்படித் திருத்தும் வாடிக்கையாளர் கடைசிவரை இல்லை.

மிதிபம்பின் குறைகளும் சிறியவை அல்ல. உறிஞ்சும் பம்பு சுமார் ஏழு மீட்டருக்குக் கீழே உள்ள நீரை எடுக்காது. வறண்ட நிலத்து விவசாயிக்கு இதில் எதுவுமில்லை. 100 டாலரை ஒரே தடவையில் எடுத்துவைக்க முடியாதவரும் வெளியே நின்றார். எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை மூலம் சிறுகச் சிறுகக் கட்டும் ஏற்பாடு பிறகுதான் வந்தது. வடிவமைப்பும் சந்தைப்படுத்தலும் இன்றும் நன்கொடையில் ஓடுகின்றன. தொண்டு நிறுவனங்கள் மொத்தமாக வாங்கிப் பங்கிடும் பம்புகளும் உண்டு. காசு கொடுத்தவர் தீர்ப்பு சொல்லட்டும் என்ற நிறுவனத்தின் சொந்த அளவுகோல் அங்கே செல்லாது. சூரிய ஒளிப் பம்புகள் பரவும் காலத்தில், மணிக்கணக்கில் மிதிப்பது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதும் கேள்விக்குரியதே.

பிளேபம்ப் கருத்திலேயே தோற்றது. கூடுதல் நிதி வந்திருந்தால் தோல்வி இன்னும் பெரிதாகியிருக்கும். கிக்ஸ்டார்ட்டின் வெற்றி உண்மையானது. நீர் மட்டம் மேலே இருக்கிற, கொஞ்சம் முதல் உள்ள சிறு விவசாயியின் எல்லைக்குள் அது நிற்கிறது. பத்து லட்சம் பேரை வறுமையிலிருந்து மீட்டதாக அந்நிறுவனம் சொல்வதை மட்டும் ஏற்பதற்கில்லை. பம்பை விற்பவரே எடுக்கும் மாதிரிக் கணக்கிலிருந்து பெருக்கி வந்த எண் அது.