தம்பிப் பாப்பா வந்த கதைகள்

இரண்டாவது குழந்தை பிறக்கப்போகும் வீட்டில் மூத்தது படும் பாட்டைச் சொல்வதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு படப்புத்தக வகை இருக்கிறது. மூன்று நான்கு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ இனிமேல் அக்கா" என்று சொல்லிக் காட்டுவதற்கான புத்தகங்கள். ஒரு காலத்தில் இவற்றின் நாயகர்கள் வெள்ளைக்காரக் குழந்தைகள். இல்லையென்றால் விலங்குக் குட்டிகள். இன்று கறுப்பினப் பிள்ளைகளும் பாகிஸ்தானிய, கொரிய, இந்திய வம்சாவளிப் பிள்ளைகளும் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். வரவேண்டியவர்கள்தான். ஆனால் முகங்கள் மாறிய அளவுக்குக் கதை மாறவில்லை என்பது என் குறை. மாறிய இடங்களில்தான் இந்த வகை இலக்கியமாகிறது.

மூலக் கதையை முதலில் பார்த்துவிடலாம். 1964இல் ரஸ்ஸல் ஹோபன் எழுதிய 'எ பேபி சிஸ்டர் ஃபார் ஃபிரான்சிஸ்' புத்தகத்தின் நாயகி, பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கின் குட்டி. தங்கை பிறந்ததும் தன்னைக் கவனிக்க ஆளில்லை என்று கோபித்து, மூட்டை கட்டிக்கொண்டு ஓடிப்போகிறாள். போகும் தூரம் சாப்பாட்டு மேசைக்கு அடி வரைதான். அப்பாவும் அம்மாவும் அவள் காதில் விழும்படி அவளில்லாத குறையைப் பேச, திரும்பி வருகிறாள். மூன்றாண்டு கழித்து எஸ்ரா ஜாக் கீட்ஸ் 'பீட்டர்ஸ் சேர்' வெளியிட்டார். பீட்டர் கறுப்பினச் சிறுவன். அவனுடைய தொட்டிலும் உயர நாற்காலியும் தங்கை சூசிக்காக இளஞ்சிவப்பு வர்ணம் பூசப்படுகின்றன. வர்ணம் படாமல் மிஞ்சிய நீல நாற்காலியை எடுத்துக்கொண்டு, நாயையும் கூட்டிக்கொண்டு அவனும் ஓடிப்போகிறான். வீட்டு வாசல் வரை. பொறாமை, ஓட்டம், சமாதானம் என்ற இந்த மூன்று படி இன்றுவரை பெரிதாக அசையவில்லை.

பீட்டரின் முக்கியத்துவத்தை அன்றைய நிலவரத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். 1965இல் நான்சி லாரிக் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். முந்தைய மூன்றாண்டுகளில் அமெரிக்காவில் வந்த 5,000க்கும் மேற்பட்ட சிறுவர் நூல்களில் ஒரு கறுப்பினராவது தென்பட்டது 6.7 விழுக்காட்டில்தான் என்று கணக்குக் காட்டினார். பீட்டர் முதலில் தோன்றிய 'தி ஸ்னோயி டே' 1963இல் படப்புத்தகங்களுக்கான கால்டெகாட் பதக்கம் பெற்றிருந்தது. லாரிக் அதையும் விடவில்லை; அதில் அம்மா வரையப்பட்டிருந்த விதத்தைக் குறை சொன்னார். வரைந்த கீட்ஸ் கறுப்பினரல்ல, போலந்திலிருந்து புரூக்ளினுக்குக் குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. பிறர் வீட்டுக் கதையை யார் எழுதலாம் என்று இன்று நடக்கும் சண்டை அப்போதே தொடங்கிவிட்டது.

'பீட்டர்ஸ் சேர்' இன்றும் வாசிக்கத் தகுந்த புத்தகம். பிடுங்கிக்கொண்டு போன நாற்காலியில் உட்காரப் பார்க்கிறான், உடம்பு கொள்ளவில்லை. யாரும் புத்தி சொல்லவில்லை. அவன் இடுப்பே சொல்லிவிடுகிறது. கடைசியில் அப்பாவும் மகனும் சேர்ந்து அந்த நாற்காலிக்கு வர்ணம் பூசுகிறார்கள். மூத்தவன் ஆவது என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன கதைகள் குறைவு. ஆனால் பீட்டரின் நிறத்தைப் பற்றிக் கதை ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவனை வெள்ளைப் பையனாக வரைந்திருந்தாலும் ஒரு வரியையும் மாற்ற வேண்டியிருக்காது. எல்லாப் பிள்ளைகளையும் போல அவனும் ஒரு பிள்ளை என்று காட்டியதில் 1967க்கான துணிச்சல் இருந்தது. அதையே ஐம்பது அறுபது ஆண்டுகள் நகலெடுப்பதில் துணிச்சல் ஒன்றும் இல்லை.

கறுப்பின எழுத்தாளர்களே எழுத வந்தபோது கதைக்குள் சொந்தக்காரர்கள் நுழைந்தார்கள். எலோய்ஸ் கிரீன்ஃபீல்ட் எழுதி ஜான் ஸ்டெப்டோ வரைந்த 'ஷி கம் பிரிங்கிங் மீ தட் லிட்டில் பேபி கேர்ள்' 1974இல் வந்தது. தலைப்பிலிருந்தே வீட்டுப் பேச்சு. கெவின் கேட்டது தம்பி, அம்மா தங்கையோடு வந்து இறங்குகிறாள். உறவினர், அண்டை வீட்டார் எல்லாரும் குழந்தையைச் சூழ்ந்துகொள்ள, இவன் ஓரத்தில் நிற்கிறான். இதுவரை பழைய கதைதான். அப்புறம் அம்மா ஒரு செய்தி சொல்கிறாள்: தானும் ஒரு காலத்தில் இப்படிக் கைக்குழந்தையாக இருந்தவள், மாமாதான் தனக்கு அண்ணனாக இருந்து பார்த்துக்கொண்டவர். கெவின் இழந்தது ஓர் இடம் என்றால் இப்போது கிடைத்தது இன்னோர் இடம். அதில் அவனுக்கு முன்பு மாமா இருந்திருக்கிறார். தாய்மாமன் உறவு என்னவென்று தெரிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

லூசில் கிளிஃப்டன் 1978இல் எழுதிய எவரெட் ஆண்டர்சன் கவிதைக் கதை இன்னும் நுட்பமானது. அம்மா மறுமணம் செய்திருக்கிறாள். பிறக்கப்போகும் குழந்தைக்குப் புதிய அப்பாவின் குடும்பப் பெயர் வரும். எவரெட்டுக்கோ ஆண்டர்சன் என்ற பழைய பெயர்தான். பொம்மையும் தொட்டிலும் பறிபோவதைவிட ஆழமான பயம் இது. ஜாக்குலின் வுட்சனின் 'பீகான் பை பேபி' (2010) கதையில் அப்பாவே வருவதில்லை, அதற்கு விளக்கமும் இல்லை. எப்போது பார்த்தாலும் பாப்பா பேச்சுத்தானா என்று விருந்தில் வெடிக்கும் ஜியாவை அறைக்கு அனுப்பிவிடுகிறாள் அம்மா. பிறகு வந்து, நாம் இருவர் மட்டுமே இருந்த நாட்களை நானும் தேடுவேன் என்கிறாள். இழப்பு பிள்ளைக்கு மட்டுமல்ல, தாய்க்கும் உண்டு என்று ஒத்துக்கொண்ட புத்தகம். மகளின் மனசைத் திருத்தக் கிளம்பாமல் கூட உட்கார்ந்துகொள்ளும் அம்மா இந்த வகையில் அபூர்வம்.

இனி குறைகள். எண்ணிக்கை நெருக்கடி தெரிந்ததே. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் 1985இல் முதல் கணக்கெடுத்தபோது, அந்த ஆண்டு வந்த சுமார் 2,500 நூல்களில் கறுப்பினப் படைப்பாளிகளுடையவை 18. 2018இலும் நிலைமை இதுதான்: நாயகர்களில் பாதி வெள்ளையர், 27 விழுக்காடு விலங்குகளும் பொருள்களும், ஆசியர் 7 விழுக்காடு. தட்டுப்பாடு இருக்கிற சந்தையில் எது வந்தாலும் 'பன்மைப் பண்பாடு' முத்திரையோடு பாராட்டு வாங்கிவிடுகிறது. தரத்தைக் கேட்பவர் கெட்டவராகிவிடுகிறார்.

முதல் குறை கண்காட்சித்தனம். லண்டனின் மந்த்ரா லிங்குவா நிறுவனம் தமிழ் உட்படப் பல மொழிகளில் இருமொழிப் புத்தகங்கள் போடுவது. புலம்பெயர்ந்த வீடுகளுக்கு அது பெரிய உதவி. அவர்கள் வெளியிட்ட 'வெல்கம் டு த வேர்ல்ட் பேபி' புத்தகத்தில் தாரிக்குக்குத் தம்பி பிறக்கிறான். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் பிறந்த குழந்தையை எப்படி வரவேற்பார்கள் என்று சொல்கிறது. ஆசிரியருக்கு அருமையான பாடம். சடங்குகள் விதவிதமாக வருகின்றன. ஆனால் அண்ணனாகிவிட்ட தாரிக்கின் மனசு அந்த வரிசையில் கரைந்துபோகிறது. ஆளுக்கொரு சடங்கு, ஆளுக்கொரு பக்கம் என்று பிரித்துக் கொடுத்தால் பண்பாடு பார்வைக்கு வைத்த பொருளாகிவிடும்.

இரண்டாவது, சந்தைக்கேற்ற சலவை. ஆனா மெக்வின்னின் கறுப்பினச் சிறுமி தம்பிக்குக் கதை வாசித்துக் காட்டும் அழகான புத்தகம் பிரிட்டனில் லூலூ, ஸெக்கி என்ற பெயர்களோடு வந்தது. அமெரிக்காவில் அதே பிள்ளைகள் லோலா, லியோ. ஜப்பானில் த்சுட்சுயி யோரிகோ எழுதி ஹயாஷி அகிகோ வரைந்த அக்கா-தங்கைக் கதையின் அசாயே, ஆங்கிலத்தில் ஆனா ஆகிவிட்டாள். வரைந்த தெருவும் வீடும் ஜப்பான். பெயர் மட்டும் ஆங்கிலம். பிற நாட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளைக்கு அறிமுகப்படுத்த விரும்பும் பெற்றோர் அந்தப் பிள்ளையின் பெயரைக்கூடத் தாங்கமாட்டார்கள் என்று பதிப்பகமே முடிவு செய்துவிடுகிறது.

இவையெல்லாம் மேல்பூச்சுக் குறைகள். அடிப்படைக் குறை கதையின் அனுமானத்தில் இருக்கிறது. அப்பா, அம்மா, ஒற்றைப் பிள்ளை என்ற வீட்டில் அந்தப் பிள்ளை ராஜா. இளையது பிறந்ததும் அரியணை போய்விடுகிறது. வியன்னாவின் ஆல்ஃபிரட் ஆட்லர் சொன்ன உளவியல் இது. அமெரிக்காவிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்துவதில்லை. பிரெண்டா வோலிங் குழுவினர் 241 குடும்பங்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், மூத்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பெரிய குலைவில்லாமல் சமாளித்துவிட்டார்கள். அதற்கு வெளியே உலகம் இன்னும் வேறு. தாமஸ் வைஸ்னரும் ரொனால்ட் காலிமோரும் 1977இலேயே பல சமூகங்களின் தரவுகளைத் தொகுத்து, குழந்தையை வளர்ப்பதில் மூத்த பிள்ளைகளுக்குப் பெரும்பங்கு இருப்பது உலகில் பரவலான வழக்கம் என்று காட்டினார்கள். அங்கே மூத்தது வேடிக்கை பார்க்கும் ஆள் இல்லை, பாதித் தாய். நம் ஊரில் சவலைப் பிள்ளை ஏங்குவதும் உண்டு. அதைத் தூக்கிக்கொள்ள ஆச்சியின் இடுப்பும் சித்தியின் இடுப்பும் உண்டு. ஏழு வயது அக்காவின் இடுப்பில் தொங்கும் தம்பியும் உண்டு. பழுப்பு முகம் வரைந்த புத்தகத்தில் ஆட்லரின் வீட்டையே கட்டிவைத்தால் அது யாருடைய வீடு?

அதற்காக அந்த இடுப்பைக் கொண்டாடிவிடவும் கூடாது. தம்பியைத் தூக்கியதால் பள்ளிக்கூடம் நின்றுபோன பெண் பிள்ளைகள் ஏராளம். கூட்டுக் குடும்பத்தைத் தேன் தடவி எழுதும் ஆசை புலம்பெயர்ந்த எழுத்துக்கு அதிகமாகவே இருக்கிறது.

கதையையே மாற்றியவர்கள் சிலர். நைஜீரியாவில் பிறந்து வேல்ஸில் வாழும் கதைசொல்லி அட்டினுக்கேயின் 'டபுள் ட்ரபுள் ஃபார் ஆனா ஹைபிஸ்கஸ்' புத்தகத்தில் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா எல்லாரும் ஒரே வளவில். பிறப்பது இரட்டை. இத்தனை பேர் இருந்தும் எல்லாக் கையிலும் வேலை, ஆனாவுக்கு ஆளில்லை. கூட்டத்தின் நடுவே தனியாகும் கோபம், பீட்டரின் கோபத்திலிருந்து வேறு. தேறுவதும் அதே கூட்டத்தால். நாட்டின் பெயரைச் சொல்லாமல் ஆப்பிரிக்கா என்று பொதுவாக விட்டது எனக்கு உறுத்தல்தான்.

என் கணிப்பில் இவை எல்லாவற்றிலும் மேலானது, பாப்பாவே பிறக்காத ஒரு புத்தகம்: ருக்ஸானா கான் எழுதி சோஃபி பிளாக்கல் வரைந்த 'பிக் ரெட் லாலிபாப்' (2010). பாகிஸ்தானிலிருந்து குடியேறிய வீடு. ருபீனாவைப் பள்ளித் தோழி பிறந்தநாளுக்குக் கூப்பிடுகிறாள். அம்மி என்று அவள் அழைக்கும் அம்மாவுக்குப் பிறந்தநாள் விருந்து என்றால் என்னவென்றே புரியவில்லை. போவதானால் தங்கை சனாவையும் கூட்டிப் போ என்கிறாள். தங்கையோடு போய் நின்றதில் அவமானம். அப்புறம் யாரும் அவளைக் கூப்பிடுவதே இல்லை. அவள் ஆசையாக எடுத்து வைத்த லாலிபாப்பையும் சனா தின்றுவிடுகிறாள். ஆண்டுகள் கழித்து சனாவுக்கு அழைப்பு வருகிறது. கடைக்குட்டி மரியமைக் கூட்டிப் போகச் சொல்கிறாள் அம்மி. பழி தீர்க்க நல்ல வாய்ப்பு. ருபீனா அம்மாவிடம் பேசி, சனாவைத் தனியாக அனுப்பச் சொல்கிறாள். இந்தப் பிள்ளைகளை வெள்ளைக்காரர்களாக வரைந்தால் கதையே நிற்காது; அம்மியின் நியாயமும் பள்ளியின் நியாயமும் மோதுவதில்தான் கதை பிறக்கிறது. அக்கா ஆவது என்பது குழந்தை பிறந்த அன்றைக்கு நடப்பதல்ல, தனக்குக் கிடைக்காத நியாயத்தை இளையவளுக்கு வாங்கிக் கொடுக்கும் அன்றைக்கு நடப்பது என்று கான் சொல்லாமல் சொல்லிவிடுகிறார்.

டெல்லியில் பிறந்த உமா கிருஷ்ணசாமியின் 'பிரிங்கிங் ஆஷா ஹோம்' (2006) வேறு வழி. இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப்படும் தங்கைக்காகக் காத்திருக்கும் அருண்; காகித வேலை நீண்டுகொண்டே போகிறது. வயிறு பெரிதாவதைக் காட்ட முடியாத காத்திருப்பு. ராக்கிதான் கதையின் கயிறு. தமிழ் வீடுகளுக்கு அது இரவல் பண்டிகை. இந்தியப் பண்பாடு என்ற முத்திரைக்குள் யார் பண்பாடு போகிறது என்பது தனிக் கேள்வி.

இவற்றை வாங்குவோரிடமும் ஒரு கோளாறு: மாத்திரை மாதிரி கொடுப்பது. லாரி கிராமரும் சகாக்களும் சகோதர உறவு பற்றிய 261 சிறுவர் நூல்களை ஆராய்ந்து 1999இல் எழுதினார்கள். கதைகள் சுபமாக முடிந்தாலும், வழியெல்லாம் நல்ல நடத்தைக்கு ஏறக்குறையச் சமமாகக் கேலியும் சண்டையும். இப்படிப்பட்ட கதைகளைத் தொடர்ந்து கேட்ட பிள்ளைகளிடம் சண்டை கூடியதாக 'நர்ச்சர்ஷாக்' (2009) நூல் விவரிக்கிறது. அதுவரை தோன்றாத வம்புகளைக் கதையே கற்றுக்கொடுத்துவிட்டது. பொறாமையே அறியாத பிள்ளைக்கு அதை அறிமுகம் செய்யும் அபாயம் இதில் உண்டு. ஜூடி டன்னும் கேரல் கெண்ட்ரிக்கும் கேம்பிரிட்ஜில் 40 குடும்பங்களில் கண்டது வேறு: கைக்குழந்தைக்கும் விருப்பு வெறுப்பு உண்டு, அது ஏன் அழுகிறது என்று மூத்ததோடு தாய் பேசிய வீடுகளில் பின்னாளில் உறவு இணக்கமாக இருந்தது. அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கும் புத்தகமே நல்ல புத்தகம்.

இன்னும் எழுதப்பட வேண்டிய கதை நம் வீடுகளில் கிடக்கிறது. இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு, "இதாவது பையனா இருக்கணும்" என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டபடி தம்பிக்காகக் காத்திருக்கும் அக்காவின் கதை அது. அவள் கோபம் பீட்டரின் கோபமல்ல. அவளுக்கு அரியணையே இருந்ததில்லை. சென்னையில் துலிகாவும் தாராவும் முப்பது ஆண்டுகளாக நல்ல படப்புத்தகம் போடத் தெரிந்தவர்கள். எழுதுவோரும் வரைவோரும் இருக்கிறார்கள். தம்பி பிறந்ததும் மிட்டாய் கொடுத்து மகிழும் கடைசிப் பக்கத்தோடு தயவுசெய்து அதை முடித்துவிட வேண்டாம்.