எதில் பாதி?

எடைக் குறைப்பு ஆபரேஷன் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது "எத்தனை சதவீதம்?" என்று கேட்பதற்கு முன்னால் "எதில் சதவீதம்?" என்று கேட்க வேண்டும்.

பெரும்பாலும் 'கூடுதல் எடை'யில் எவ்வளவு போனது என்றுதான் கணக்கு. 165 செ.மீ. உயரம், 120 கிலோ எடை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். பி.எம்.ஐ. 25க்கு அவர் 68 கிலோ இருக்க வேண்டும். கூடுதல் 52 கிலோ. அதில் பாதி போனால் மிச்சம் 94 கிலோ, பி.எம்.ஐ. 34.5. "பாதி குறைஞ்சிடும்" என்று நம்பிப் போனவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

அடுத்தது காலம். பின்லாந்தின் ஸ்லீவ்பாஸ் ஆய்வில் 240 பேர். ஒரு பாதிப் பேருக்கு இரைப்பையை வெட்டிக் குழாய்போல ஆக்கும் ஸ்லீவ், மறுபாதிக்கு பைபாஸ். 5 ஆண்டில் கூடுதல் எடை இழப்பு 49, 57 சதவீதம். 10 ஆண்டில் 43.5, 51.9. கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் கணிசமாக நிற்கிறது. ஆனா பத்தாம் ஆண்டில் ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாய் அழற்சி. பைபாஸில் 7 தான். எடையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

இரண்டாவது ஆபரேஷனை மதிப்பிடுவதில்தான் எனக்குப் பெரிய ஆட்சேபம். முதல் முறையைவிட எடை குறைவாகத்தான் இறங்கும், சிக்கல் அதிகம் என்பது பொதுவான முடிவு. ஏற்கெனவே வெட்டித் தைத்த இடம், தழும்பு, ஒட்டிக்கொண்ட திசு. சரிதான். ஆனா எடை திரும்ப ஏறியதால் வந்தவரையும், நெஞ்செரிச்சல் தாங்காமல் ஸ்லீவை பைபாஸாக மாற்ற வந்தவரையும் ஒரே பட்டியலில் போட்டு எடையால் அளந்தால் எப்படி? இரண்டாமவர் ராத்திரி நிம்மதியாகப் படுத்துத் தூங்கினாரா என்பதல்லவா வெற்றி?

ஆபரேஷனே வீண் என்று சொல்லவில்லை. ஸ்வீடனின் நீண்டகால ஆய்வு, ஆபரேஷன் செய்தவர்களிடையே இறப்பு குறைவு என்று 2007லேயே காட்டியது.

ஆனால் சத்து மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும் தொடர வேண்டும். எங்கள் மேலநீலிதநல்லூரிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ போய் ஆபரேஷன் செய்துகொள்பவர், நாலாம் வருஷமும் அதற்காக பஸ் ஏறுவாரா? வராதவர்களை விட்டுவிட்டு, வந்தவர்களின் சராசரியை மட்டும் போட்டால் எந்த முடிவும் அழகாகத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் சதவீதம் சொன்னால், எத்தனை பேருக்கு ஆபரேஷன் செய்தீர்கள், அதில் எத்தனை பேரை அஞ்சு வருஷம் கழித்து எடை பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.