மணல் நகரத்து உடன்போக்கு: ராஜஸ்தானத்துக் காதற்பாடல்கள் இரண்டு

உடன்போக்கு என்னும் சொல் தமிழ் அகப்பொருள் மரபில் நெடுங்காலமாக ஆளப்பட்டு வரும் துறைப்பெயர். கொண்டுதலைக்கழிதல் என்று தொல்காப்பியர் இதனைச் சுட்டுவார். பெற்றோர் இசையாத காதலை நிலைநிறுத்தத் தலைவியும் தலைவனும் ஊரறியாது சுரம் கடந்து போதலே அதன் பொருள். அச்சுரம் பாலை எனப்பட்டது. ஆயினும், தமிழ்ப் புலவன் பாடிய பாலை நிலையான பாலைவனம் அன்று. தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது இளங்கோவடிகள் காட்டும் விளக்கம். மழை பெய்தால் நம் பாலை மறைந்துவிடும்.

மழை பெய்தாலும் மறையாத பாலையில் பிறந்து, அங்கேயே நகரெடுத்து வாழ்ந்த மக்கள் உடன்போக்கை எவ்வாறு பாடினர்? வடநாட்டில் வாழும் தமிழர்க்கு இவ்வினா எழுவது இயல்பே. தார்ப் பாலையில் வழங்கும் டோலா-மாரு, மூமல்-மகேந்திரன் என்னும் இரு காதல் வரலாறுகளை எடுத்துக்கொண்டு அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டோலா-மாரு: கதையும் வடிவும்

'டோலா மாரு ரா தூஹா' என்பது பழைய ராஜஸ்தானி மொழியில் அமைந்த ஈரடிப் பாடல்களின் தொகுதி. பதினாறாம் நூற்றாண்டில் குசலலாபர் என்னும் சமணக் கவிஞர், வாய்மொழியாக உலவிய ஈரடிகளைச் சௌபாயி யாப்பால் இணைத்துத் தொடர்கதை ஆக்கினார். காசி நாகரி பிரசாரிணி சபை 1934இல் இதன் பதிப்பை வெளியிட்டது. பிரெஞ்சு அறிஞர் ஷார்லோட் வோத்வில் அம்மையார் இதனை ஆராய்ந்து எழுதிய நூல் 1962இல் புதுச்சேரியிலிருந்து, ஆங்குள்ள பிரெஞ்சு இந்தியவியல் நிறுவன வெளியீடாக வந்தது. பாலைநிலக் காதற்பாடல் ஒன்றின் ஆராய்ச்சி தமிழ் வழங்கும் கடற்கரை நகரில் அச்சேறியது என்பதை நம்மவருள் பலர் அறியார்.

கதை இது. பூகல் நாட்டில் பஞ்சம் வருகிறது. அரசன் பிங்கலன் குடும்பத்தோடு புலம்பெயர்ந்து வந்த காலத்தில், அவன் மகள் மாருவுக்கும் நர்வர் அரசன் நளனின் மகன் டோலாவுக்கும் பால்மணம் மாறாத பருவத்தில் மணம் நிகழ்கிறது. பஞ்சம் நீங்கியபின் பெண் வீட்டார் பூகல் திரும்புகின்றனர். டோலா வளர்ந்து மாளவ நாட்டு மாளவணியை மணக்கிறான். முதல் மணத்தை அவன் அறியான். பூகலில் வளர்ந்த மாருவோ கனவில் அவனைக் காண்கிறாள், செய்தி அனுப்புகிறாள், தூதர்கள் நர்வர் சென்று சேர்வதில்லை. மாளவணியின் காவல் அத்தகையது. இறுதியில் டாடிகள் என்னும் பாடகர்களை அனுப்புகின்றனர். பாடிப் பிழைப்போர் மீது ஐயம் எழாதன்றோ? அவர்கள் அரண்மனை அருகே தங்கி இரவில் பாடுகின்றனர். செய்தி அரணைக் கடந்து உள்ளே போகிறது.

இத்தொகுதியின் வடிவம் தமிழ் வாசகனுக்குப் புதிதாகத் தோன்றாது. ஒவ்வோர் ஈரடியும் தனித்த பேச்சு. யார், யாரிடம், எந்நிலையில் கூறினார் என்பது தெரிந்தாலன்றிப் பொருள் முழுமை பெறாது. சங்கப்பாட்டின்கீழ் 'தோழி கூற்று', 'செவிலி கூற்று' எனக் கொளு எழுதிய கை எந்தத் தேவையை உணர்ந்ததோ, அத்தேவையையே குசலலாபரும் உணர்ந்து இணைப்பு யாத்தார் எனலாம். ஆனால் நம்மவர் கொளுவை ஓரிரு தொடரில் நிறுத்திப் பாட்டைத் தனியே நிற்க விட்டனர். அவரோ இடைவெளிகளை நிரப்பினார். நிரப்பிய இடங்களில் கதை விரைகிறது. உணர்ச்சியின் செறிவு பழைய ஈரடிகளிலேயே தங்கிவிட்டது.

போகிறவன் யார்?

சங்க உடன்போக்கில் வீட்டை விட்டுப் போகிறவள் தலைவி. திட்டம் வகுப்பவள் தோழி. வைகறையில், தயிர் கடையும் மத்தொலி எழும் வேளையில், சிலம்பு ஒலித்துக் காட்டிக் கொடாதபடி அதனைக் கழற்றி வைக்க முனையும் பெண்ணை நற்றிணையில் கயமனார் காட்டுகிறார். தன் பந்தையும் சிலம்பையும் காணும் ஆயத்தார் வருந்துவரே என்று அவள் கண் கலங்குகிறது. தோழி அதனைத் தலைவனுக்கு எடுத்துரைத்துப் பயணத்தை நிறுத்துகிறாள். திட்டம் எத்துணை நுட்பமானதாயினும், ஒரு பெண்ணின் உள்ளம் இன்னும் வீட்டை விட்டு நீங்கவில்லை என்ற காரணத்தால் அது கைவிடப்படுகிறது. உடன்போக்கு இலக்கியத்தில் இதனினும் பெரிய நாகரிகம் உண்டோ?

ராஜஸ்தானப் பாடலில் நிலைமை தலைகீழானது. மாருவும் டோலாவும் முன்னரே மணந்தவர்கள். பூகலில் பெற்றோர் மகளை மகிழ்ந்தே அனுப்புகின்றனர். ஆகவே மாரு ஓட வேண்டியதில்லை. ஒளிந்து ஓட வேண்டியவன் டோலா. அதுவும் தன் வீட்டிலிருந்தே! மாளவணி அவனைப் பருவங்காட்டி நிறுத்துகிறாள். கோடையில் வெம்மை என்கிறாள். காரில் வழி சேறு என்கிறாள். கூதிரில் குளிர் என்கிறாள். பருவங்கள் தீர்ந்தபின் அவள் கண்ணயரும் நேரம் பார்த்து அவன் ஒட்டகமேறுகிறான். அதற்குமுன் ஒட்டகத்தை நொண்டுவதுபோல் நடிக்கச் சொல்லி அதனிடமே அவள் இரந்ததும், அவன் போனபின் தான் இறந்துவிட்டதாகச் சொல்லும்படி கிளியைத் தூது விட்டதும் கதையில் வருவன. டோலா ஏமாறவில்லை, ஈமக்கடனை நீயே முடித்துவிடு என்று கிளியைத் திருப்பி அனுப்புகிறான்.

கேட்போர் நகைக்கும் இடம் இது. ஆயினும் அந்நகையின் அடியில் ஒரு பெண்ணின் தோல்வி கிடக்கிறது. மாளவணி கதையின் பகைத்தலைவி அல்லள். அவள் மணமும் மணமே. பாடலும் அவளை இகழவில்லை. பருவந்தோறும் அவள் பேச நிறைந்த இடம் தருகிறது. சங்கப்பாட்டில் உடன்போக்கின் துயரைச் சுமப்பவர் நற்றாயும் செவிலியும். கலித்தொகையில் எதிர்ப்பட்ட அந்தணர், மலையில் பிறந்த சந்தனம் மலைக்கு என் பயன் தரும் என்று செவிலியைத் தேற்றுகின்றனர். மகள் பிறர்க்கு உரியவள் என்னும் அத்தேறுதலில் உலகியல் உண்மை உண்டு. மாளவணிக்கு அவ்வாறு சொல்லத்தக்க தேறுதல் எது? கண்டோர் எவரும் அவளிடம் வருவதில்லை. எஞ்சி நின்ற மனைவியைப் பேச வைத்ததே இத்தொகுதியின் தலையாய சிறப்பு என்பது என் கருத்து.

நிலமும் நீரும்

மாருவை அழைத்து வரும் வழியில் உமர் சூமரா என்பவன் அவளைக் கவர எண்ணி, டோலாவை விருந்துக்கு அமர்த்தி அபினிநீர் அருந்தச் செய்கிறான். பாடகி ஒருத்தி தன் பாட்டுக்குள் எச்சரிக்கையை வைத்துப் பாடுகிறாள். மாரு அதனை உணர்ந்து ஒட்டகத்தை அடிக்கிறாள்; அது துள்ளுகிறது; அடக்க ஓடி வந்த கணவனிடம் செய்தியைச் சொல்கிறாள். இருவரும் ஏறி விரைகின்றனர். காலில் பிணித்த கயிற்றை அவிழ்க்கவும் மறந்தனர் என்பது கதை. இங்குத் திட்டம் வகுத்தவள் மாரு. கனவு கண்டு காத்திருந்த பேதை, பாலையில் இறங்கியதும் அறிவுடைப் பெண்ணாகிறாள். அது அவள் பிறந்த மண்.

அம்மண்ணைப் பற்றிய சொற்போர் இறுதியில் வருகிறது. மாருவின் நாட்டை மாளவணி பழிக்கிறாள்: நீர் ஆழ்கிணற்றின் அடியில் கிடக்கும் நாடு, நள்ளிரவில் நீரிறைப்போர் எழுப்பும் கூவல் சாவு வீட்டு ஒலி போலக் கேட்கும் நாடு என்கிறாள். மாரு விடாது மாளவத்தைத் திருப்பிப் பழிக்கிறாள். நம் பாலைப்பாட்டில் சுரத்தின் கொடுமையைக் கூறுவோர் அதனைக் கடந்து செல்வோரும், கடந்து செல்வோரை எண்ணி வருந்துவோருமே. கள்ளியும் பரலும் அவர்க்கு வழித்துயர். மாருவுக்கு அது தாய்வீடு. பாலையைப் பழித்தால் சினந்து எழும் ஒரு தலைவியைத் தமிழ் அகப்பாட்டில் நாம் கண்டதில்லை, காணவும் இயலாது. நிலமே இல்லாத திணைக்கு மகள் ஏது?

மூமல்: தவறிய திட்டம்

ஜைசல்மேரிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் லோத்ரவா உள்ளது. 1156இல் ராவல் ஜைசல் புதிய கோட்டை நகரைக் காணும்வரை பாட்டி மரபினரின் தலைநகர் அதுவே. அங்கே காக் ஆற்றங்கரையில் மூமலின் மாடம் இருந்தது என்பர். அதன் இடிபாடு என்று ஓரிடத்தை இன்றும் காட்டுகின்றனர். அவளைக் காதலித்த மகேந்திரன் அமர்கோட்டைச் சேர்ந்த சோடா குலத்தவன். அவ்வூர் இன்று பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் உள்ளது.

இரவுதோறும் அவன் ஒட்டகமேறி லோத்ரவா வந்து, விடியுமுன் திரும்புகிறான். நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் வழி இது. ஓரிரவில் போய்வருவது எந்த ஒட்டகத்துக்கும் இயலாது. பாடகர் இதனை அறியாதவர் அல்லர். குறிஞ்சியின் இரவுக்குறியில் யானையும் பாம்பும் காட்டாறும் செய்யும் வேலையை இங்கே தொலைவு செய்கிறது. காதலனின் ஆர்வத்தை அளக்கப் பாலைக்கு வேறு அளவுகோல் இல்லை.

மகேந்திரனின் வீட்டார் உண்மை அறிந்து அவ்வொட்டகத்தின் காலை முறிக்கின்றனர். வேறோர் ஒட்டகத்தில் புறப்பட்டவன் வழி தவறி, காலந்தாழ்ந்து வந்து சேர்கிறான். காத்திருந்து சலித்த மூமல், ஆணுடை அணிந்த தன் தங்கை சூமலோடு உறங்கிவிட்டாள். கண்டவன் ஆடவன் ஒருவன் என்று எண்ணி, கைக்கோலை அங்கேயே விட்டுவிட்டு ஒரு சொல்லும் கேளாமல் திரும்புகிறான். பிறகு மூமல் அவனைத் தேடிப் போகிறாள். அவளைச் சோதிக்க, பாம்பு தீண்டி இறந்தான் என்று பொய்ச்செய்தி அனுப்புகிறான். கேட்ட அளவில் அவள் உயிர் பிரிகிறது. உண்மை உணர்ந்த அவன் பித்தனாகிறான். சிந்து வழக்கில் முடிவு வேறு. அங்கே மூமல் தீயில் புகுகிறாள்.

சிந்துப் பெருங்கவிஞர் ஷா அப்துல் லத்தீப் (1689-1752) தம் 'ரிசாலோ'வில் இதனை ஞானப்பொருளாக்கினார். மூமல் பிழை செய்து இறைவனைப் பிரிந்த ஆன்மா. அவன் ஊடிச் சென்ற தலைவன். பொருள் உயர்ந்ததே, எனினும் கதையை இறைநெறிக்கு உயர்த்தும்போது பிழை முழுவதும் பெண் மேல் ஏற்றப்படுகிறது. கதை அப்படிச் சொல்லவில்லை. திட்டம் முழுவதும் ஓர் ஒட்டகத்தின் காலில் தொங்கியது. கால் முறிந்ததும் திட்டம் முறிந்தது. அதற்கு இருவரும் பொறுப்பல்லர். எழுப்பிக் கேளாதது மட்டுமே பிழை, அது மகேந்திரனுடையது. இங்கே ஒரு தோழி இல்லாத குறை தெரிகிறது. தமிழ்த் தோழி இருந்திருந்தால் வாயிலிலேயே அவனை மறித்து இரண்டு சொல் சொல்லியிருப்பாள். அவன் கடந்தது இருநூறு கிலோமீட்டர். கடவாதது வாயிலுக்கும் படுக்கைக்கும் இடைப்பட்ட சில அடிகள்.

பாட்டும் ஊரும்

இப்பாடல்களை இன்றும் காத்து வருவோர் மாங்கணியார், லங்கா முதலிய பாடகர் குடிகள். கோமல் கோத்தாரியும் விஜயதான் தேத்தாவும் 1960இல் போருந்தா என்னும் சிற்றூரில் நிறுவிய ரூபாயன் சன்ஸ்தான், இவ்வாய்மொழிச் செல்வத்தை ஒலிப்பதிவு செய்து காத்தது. மாண்டு ராகத்தில் அமைந்த மூமல் பாட்டைக் கேட்டு உருகாதவர் இலர். ஜைசல்மேரின் பாலைத் திருவிழாவில் மூமல் பெயரால் அழகுப் போட்டியும் நடைபெறுகிறது. அப்பாட்டு மூமலை முடி முதல் அடி வரை வருணிப்பது. திருவிழா அவ்வருணனையை மேடையேற்றியது. அவள் காத்திருந்ததும், தானே புறப்பட்டுப் போனதும், பொய்ச்செய்தி கேட்டு மாண்டதும் மேடைக்கு வருவதில்லை.

இது அழகியல் குறை மட்டுமன்று. சாதி கடந்து மணந்தோரை வேட்டையாடும் கொடுமை வடக்கிலும் தெற்கிலும் நிகழ்வதை நாம் அறிவோம். வயது வந்த இருவர் மனமொத்துச் செய்யும் மணத்தில் சாதிப் பஞ்சாயத்துக்கள் தலையிடுவது சட்டத்துக்குப் புறம்பு என்று 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்தது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமோ மணத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்பைக் கேட்கிறது. அவ்வறிவிப்பு அலுவலகத்தில் யாவரும் காண ஒட்டப்படும். சிலம்பைக் கழற்றி ஒலி அடக்கியவளின் பேத்திக்கு இது முப்பது நாள் ஓயாது ஒலிக்கும் சிலம்பு. மாருவுக்காகவும் மூமலுக்காகவும், குறுந்தொகை ஐங்குறுநூற்றுத் தலைவியர்க்காகவும் உருகும் சமுதாயம், தன் மகள் அதே வழியில் போனால் அரிவாளை எடுக்கிறது. பாட்டைச் சுவைப்பதும் பாட்டின் பொருளை ஏற்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஐங்குறுநூற்றில் உடன்போக்கைப் பாடிய ஓதலாந்தையார், போனவர் திரும்பி வருதலையும் 'மறுதரவுப் பத்து' என்று தனியே வைத்துப் பாடினார். போனவள் திரும்பி வரலாம், வந்தால் வாயில் திறந்திருக்கும் என்பது அப்பத்தின் உட்கிடை. டோலா-மாரு பாடலிலும் இறுதியில் ஒரே வீட்டில் எல்லாரும் வாழ வழி காணப்படுகிறது. மூமல் கதையில் அவ்வாயில் அடைபட்டது; அதனால் அது அழுகையாக முடிந்தது. இரு மொழிகளின் உடன்போக்குப் பாடல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, புறப்பட்டுப் போகும் துணிவினும் வந்தாரை ஏற்கும் மனமே அரிது என்பது தெளிவாகிறது. அத்துணிவைத் தமிழன் சுரத்தில் கண்டான். ராஜஸ்தானி மணலில் கண்டான். அம்மனத்தை இருவரும் இன்னும் தம் தம் ஊரில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.