கிளாடியஸின் தரப்பு

வில்லன் பக்கம் நின்று பழைய கதையைத் திருப்பிச் சொல்லும் நாவல்கள் என்றால் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு தனி ஈர்ப்பு. பொறியியல் படித்ததால் வந்த பழக்கமாகக்கூட இருக்கலாம். தொழிற்சாலையில் ஏதாவது பழுதானால் உடனே ஆளைப் பிடிக்காதே, 'ஏன்' என்று ஐந்து முறை கேள் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பம்ப் ஏன் நின்றது? பேரிங் தேய்ந்ததால். ஏன் தேய்ந்தது? எண்ணெய் போகவில்லை. ஏன் போகவில்லை? இப்படியே இறங்கிப் போனால் ஐந்தாவது கேள்வியில் குற்றவாளி என்று யாரும் மிஞ்சமாட்டார். காரணங்களின் சங்கிலி ஒன்றுதான் மிஞ்சும்.

வில்லன் கதைகளும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கின்றன. இயாகோ ஏன் அப்படி ஆனான்? கிளாடியஸ் ஏன் கூடப்பிறந்த அண்ணனையே கொன்றான்? கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் பாவப்பட்ட ஒரு மனிதன் நம் முன்னால் உட்கார்ந்திருப்பான். புத்தகத்தை மூடும்போது நமக்கும் மனசு கொஞ்சம் விசாலமானது போல இருக்கும்.

அந்த விசாலத்தின் மேல்தான் இப்போது எனக்குச் சந்தேகம். சந்தேகத்தைக் கிளப்பியது ஜான் அப்டைக் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கெர்ட்ரூட் அண்ட் கிளாடியஸ்' நாவல். இரண்டு முறை வாசித்தேன். முதல்முறை கிளாடியஸுக்காக உருகினேன். இரண்டாம் முறை முடியவில்லை. இடையில் நாவல் மாறவில்லை, நான்தான் மாறியிருந்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

'ஹாம்லெட்' நாடகத்தில் கிளாடியஸ் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணனின் காதில் விஷத்தை ஊற்றி, அரியணை ஏறி, அண்ணியையும் மணந்துகொண்டவன். அப்டைக் அதற்கு முந்தைய வருடங்களை எழுதுகிறார். பதினாறு வயதுப் பெண் ஒருத்தியை, அவள் தயங்கித் தயங்கி நிற்கும்போதே, அப்பா ஒரு போர்வீரனுக்குக் கட்டிவைக்கிறார். புருஷன் கொடுமைக்காரன் இல்லை. ஆனால் அவளை ஒருநாளும் சரியாகப் பார்த்தவனும் இல்லை. ராஜ்யம், போர், கடமை என்று அவன் வாழ்க்கை போகிறது. பிள்ளையும் அம்மாவிடம் ஒட்டவில்லை. கொழுந்தன் ஒருவன் மட்டும் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வருகிறான், அவளிடம் உட்கார்ந்து பேசுகிறான். பிள்ளை வளர்ந்து வெளிநாட்டில் படிக்கிற காலத்தில்தான் அவர்களுக்குள் உறவு ஏற்படுகிறது. அண்ணனுக்கு விஷயம் தெரிகிறது, தம்பியை ஒழித்துக்கட்டிவிடுவதாக மிரட்டுகிறான். அதற்குப் பிறகுதான் விஷம். கொலை நடந்தது கெர்ட்ரூடுக்குத் தெரியாது.

அப்டைக் செய்திருக்கும் ஒரு சின்ன வேலை எனக்கு மிகவும் பிடித்தது. நாவலின் மூன்று பகுதிகளிலும் பாத்திரங்களின் பெயர்கள் மாறிக்கொண்டே வரும். முதல் பகுதியில் அவள் கெரூதா, அவன் ஃபெங், பிள்ளை அம்லெத். இவை பன்னிரண்டாம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி சாக்ஸோ கிரமாட்டிகஸ் லத்தீனில் எழுதிய டேனிஷ் வரலாற்றில் உள்ள பெயர்கள். இரண்டாம் பகுதியில் வருபவை, 1570இல் அதே கதையைப் பிரெஞ்சில் சொன்ன பெல்ஃபொரெ தந்த பெயர்கள். மூன்றாம் பகுதியில்தான் நமக்குப் பழகிய கெர்ட்ரூட், கிளாடியஸ், ஹாம்லெட் வருகிறார்கள். ஒரே ஆட்கள், ஒரே கோட்டை. ஆனால் காலம் நகர நகர ஷேக்ஸ்பியர் அவர்களை நெருங்கிக்கொண்டே இருக்கிறார் என்ற உணர்வு வந்துவிடும். வலை இறுகுவது போல.

அப்டைக்கின் பார்வை அவரே கண்டுபிடித்ததும் இல்லை. வில்சன் நைட் என்ற விமர்சகர் 1930லேயே 'தி வீல் ஆஃப் ஃபயர்' நூலில் ஒரு கலகத்தைச் செய்திருந்தார். கொலையை ஒரு நிமிடம் தள்ளிவைத்துவிட்டுப் பாருங்கள், கிளாடியஸ் திறமையான அரசன், அந்த அரண்மனைக்குள் சாவைச் சுமந்துகொண்டு திரிபவன் ஹாம்லெட்தான் என்றார். யோசித்துப் பார்த்தால் நாடகத்தில் ஆதாரம் இருக்கவே செய்கிறது. படை திரட்டி வரும் ஃபோர்டின்பிராஸை கிளாடியஸ் போர் இல்லாமல், தூது அனுப்பியே நிறுத்திவிடுகிறான். ஆயுதத்தோடு உள்ளே புகுந்த லேர்ட்டீஸைப் பேசியே அடக்குகிறான். ஹாம்லெட்டோ திரைக்குப் பின்னால் இருப்பது யாரென்றுகூடப் பார்க்காமல் குத்துகிறான்.

எல்லாம் சரி. ஆனால் "கொலையைத் தள்ளிவைத்துவிட்டு" என்கிறோமே, அங்கேதான் சிக்கல். அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால் யார்தான் நல்லவன் இல்லை?

சாக்ஸோவின் கதையில் ஒரு விஷயம் உண்டு. அதில் ஃபெங் செய்த கொலை ரகசியமே அல்ல. அண்ணனைக் கொன்றதை எல்லோரும் அறிவார்கள். அவன் அதற்கு ஒரு காரணமும் சொல்கிறான்: கெரூதா ஒரு பூச்சிக்கும் தீங்கு நினைக்காதவள், புருஷன் அவளை வெறுத்து வதைத்தான், அவளைக் காப்பாற்றத்தான் கொன்றேன் என்கிறான். அரசவை நம்பிவிடுகிறது. சாக்ஸோ நம்பவில்லை, அதைத் தந்திரம் என்றே எழுதுகிறார்.

இது என்னை உட்கார வைத்துவிட்டது. வில்லனின் பார்வையில் கதையைத் திருப்பிச் சொல்வது நவீன இலக்கியத்தின் உத்தி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கதையைப் பொறுத்தவரை, அதை முதலில் செய்தவன் வில்லனேதான்! அப்டைக் எண்ணூறு வருடம் கழித்து ஃபெங்கின் அந்தப் பழைய வாக்குமூலத்தை எடுத்து, அழகான உரைநடையில், கெர்ட்ரூடின் தனிமையையும் சேர்த்து, நம்பும்படி விரித்து எழுதியிருக்கிறார். பெண்ணின் துயரம் இங்கே உண்மையானது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துயரம் ஒரு கொலைகாரனுக்குச் சாட்சியாகவும் வந்து நிற்கிறது.

ஷேக்ஸ்பியர் என்ன செய்தார்? அந்தச் சாக்கை எடுத்துவிட்டார். அவருடைய கிளாடியஸ் ஊரறியக் காரணம் சொல்வதில்லை. கொலையை ரகசியமாக்கி, நியாயத்தைப் பிடுங்கி, பதிலுக்கு ஒரு தனிமையைக் கொடுக்கிறார். மூன்றாம் அங்கத்தில் கிளாடியஸ் தனியாக மண்டியிடுகிறானே, அந்தக் காட்சி.

'ஒத்தெல்லோ'விலும் இதே கத்திரிதான் வேலை செய்திருக்கிறது. மூலக்கதை 1565இல் வெளியான சிந்தியோவின் இத்தாலியத் தொகுப்பில் இருக்கிறது. அதில் இயாகோவின் இடத்தில் இருக்கும் கொடி அதிகாரிக்குக் காரணம் தெளிவு: டெஸ்டமோனா மேல் ஆசை, அவள் கண்டுகொள்ளவில்லை, ஆசை பகையாகிறது. ஷேக்ஸ்பியர் அதைக் கிட்டத்தட்ட கரைத்துவிட்டு, இயாகோவின் வாயில் நாலைந்து காரணங்களைப் போடுகிறார். பதவி கேஸியோவுக்குப் போய்விட்டது என்பான். என் மனைவியோடு ஒத்தெல்லோவுக்குத் தொடர்பு என்பான். எதிலும் அவன் காலூன்றி நிற்கமாட்டான். ஒத்தெல்லோவைவிட அதிக வரிகள் பேசுகிறவன் இயாகோ. அவ்வளவு பேசியவன் கடைசியில் ஏன் செய்தாய் என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறான். நிக்கோல் காலண்டின் 'ஐ, இயாகோ' (2012) அந்த வாயைத் திறக்கவைக்கும் நாவல். சிறுவயதிலிருந்து அவனே தன் கதையைச் சொல்கிறான். விறுவிறுப்பாகப் போகிறது. ஆனால் அவன் பேசப் பேச அவனைப் பற்றிய பயம் குறைந்துவிடுகிறது. அந்த மௌனம் ஆசிரியர் மறந்துபோன ஓட்டை இல்லை, தெரிந்தே வெட்டிவைத்த குழி. குழியை நிரப்பிவிட்டால் அதில் யாரும் விழமாட்டார்கள், வாஸ்தவம்தான். ஆனால் நாம் அங்கே நின்று கீழே பார்க்கவும் முடியாது.

விஷால் பரத்வாஜின் 'ஓம்காரா' (2006) இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனம் செய்தது. லங்டா தியாகிக்குக் காயம் தெளிவாகக் காட்டப்படுகிறது. பதவி தனக்கில்லை என்றான பிறகு அவன் கண்ணாடியை உடைக்கும் காட்சியில் நமக்கும் வலிக்கிறது. ஆனால் கணக்கைத் தீர்ப்பது அவன் மனைவி இந்து. அவனை மிக அருகிலிருந்து புரிந்துகொண்டவளே அவனை விடுவிக்கவில்லை.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார் என்று தெரியும். "அப்போ ராவணன்? வென்றவன் எழுதியதைத்தானே நாம படிக்கிறோம்?" நியாயமான கேள்வி. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்தது, 1948இல் தடை செய்யப்பட்டது, 1971இல்தான் தடை நீங்கியது. அதன் வழக்கு வேறு. ஒரு மக்கள்கூட்டத்தையே அரக்கர் என்று எழுதிவைத்தது யார், எதற்காக என்பதே அங்கே கேள்வி. அதை எழுதியே ஆகவேண்டியிருந்தது. கிளாடியஸை அப்படி யாரும் வெளியிலிருந்து வில்லன் ஆக்கவில்லை. கொன்றேன் என்று தனியறையில் அவனே சொல்கிறான். ராவணனுக்குச் செய்த நியாயத்தைக் கிளாடியஸுக்கும் அப்படியே செய்தால் இரண்டையும் குழப்பிவிடுகிறோம். அநியாயமாகப் பழிசுமந்தவன் வேறு, பழி தனக்குரியது என்று தெரிந்தவன் வேறு.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் வேலை செய்த ஒரு தொழிற்சாலையில், இரவு ஷிப்டில், சூடான தண்ணீர்க் குழாய் ஒன்று விட்டுக்கொண்டது. டெக்னீஷியன் ஒருவருக்குக் கையில் கொப்புளம். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தவர், என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அந்த வால்வைச் சோதித்ததாக முந்தின வாரம் செக்லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டது நான். சோதிக்கவில்லை. அன்றைக்கு வேலை குவிந்திருந்தது, எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள், எனக்கு மேலே இருந்தவர் அவசரப்படுத்தினார். பாருங்கள், ஐந்து 'ஏன்'களும் கையிலேயே இருக்கின்றன. விபத்து ரிப்போர்ட்டை எழுதியதும் நான்தான். 'செயல்முறைக் குறைபாடு, பணியாளர் குழாயைத் தனிமைப்படுத்தத் தவறினார்' என்று எழுதினேன். அதில் பொய் என்று ஒரு சொல்லைச் சுட்டிக்காட்ட முடியாது. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது, அந்த வருட போனஸ் குறைந்தது.

கேன்டீனில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். "பரவால்ல தம்பி, விடுங்க" என்றார். எனக்கு லேசாக இருந்தது. ரிப்போர்ட்டைத் திருத்தவில்லை. ஏழு மாதத்தில் பதவி உயர்வும் வந்தது.

அதற்குப் பிறகுதான் 'ஹாம்லெட்'டை மறுபடி எடுத்தேன். பிரார்த்தனைக் காட்சியில் கிளாடியஸ் தன் பாவத்தை மறைப்பதில்லை. காரணம் சொல்வதில்லை, அண்ணன் மேல் குறை சொல்வதுகூட இல்லை. அவனுக்கு இருக்கும் சிக்கல் ஒன்றுதான்: எதற்காகக் கொலை செய்தானோ அந்தக் கிரீடம், அந்த ஆசை, அந்த ராணி மூன்றும் இன்னும் அவன் கையில் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்கலாமா என்று தன்னையே கேட்கிறான். முடியாது என்றும் அவனுக்குத் தெரிகிறது. பின்னால் ஹாம்லெட் வாளோடு வந்து, ஜெபத்தில் இருப்பவனைக் கொன்றால் சொர்க்கத்துக்குப் போய்விடுவான் என்று எண்ணித் திரும்பிப் போகிறான். அவன் போனதும் கிளாடியஸ் எழுந்து, ஜெபம் மேலே போகவில்லை என்று ஒப்புக்கொள்கிறான்.

வில்லனின் பார்வையில் எழுதப்பட்ட நூல் ஏற்கெனவே இருக்கிறது என்று அப்போது தோன்றியது. அந்த ஒரே காட்சிதான் அது. அவனை உள்ளிருந்து காட்டுகிறது, அவன் மேல் இரக்கமும் வருகிறது. விடுதலை மட்டும் கிடைப்பதில்லை. ஏன் செய்தாய் என்ற கேள்வியைத் தாண்டி, கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறது. எங்கள் ஐந்து 'ஏன்'களில் அந்தக் கேள்வி இல்லை.

அப்டைக் இந்தக் கேள்விக்கு முன்பே நாவலை முடித்துவிடுகிறார். நாடகத்தின் முதல் அங்கத்தில் வரும் அரசவைக் காட்சியோடு கதை நிற்கிறது. ஹாம்லெட் ஊரிலேயே இருக்கச் சம்மதித்துவிட்டான், இனி எல்லாம் நல்லபடி நடக்கும் என்று கிளாடியஸ் நிம்மதியாக இருக்கிறான். அடுத்து என்ன என்று அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். முதல்முறை இதை ஒரு தப்பித்தல் என்று நினைத்திருப்பேனோ என்னவோ, கவனிக்கவே இல்லை. இப்போது பார்த்தால் அப்டைக் தீர்ப்பைத் தன் புத்தகத்துக்கு வெளியே, ஷேக்ஸ்பியரிடம் விட்டுவைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. அதனாலேயே இந்த வகை நாவல்களில் இது உயர்ந்து நிற்கிறது. ஒரே நிபந்தனை, இதைத் தனியாக வாசிக்கக்கூடாது. நாடகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதவருக்கு இது அழகான ஒரு காதல் கதையாக மட்டும் முடிந்துவிடும். அது ஃபெங்குக்குக் கிடைக்கும் இரண்டாவது வெற்றி.

கடைசி அங்கத்தில் ஹாம்லெட்டுக்காக வைத்த விஷக் கிண்ணத்தைக் கெர்ட்ரூட் எடுக்கிறாள். குடிக்காதே என்று கிளாடியஸ் ஒரு வார்த்தை சொல்கிறான், அவள் கேட்கவில்லை. எழுந்துபோய்த் தட்டிவிட அவனுக்கு நேரம் இருந்தது. தட்டிவிட்டால் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். அவன் உட்கார்ந்தே இருக்கிறான். யாரைக் காதலித்ததாக அப்டைக் இருநூறு பக்கத்துக்கு மேல் எழுதினாரோ, அவளே கண்ணெதிரில் குடிக்கிறாள்.

அந்த டெக்னீஷியன் ஓய்வுபெற்றுவிட்டார். ரிப்போர்ட் இன்னும் கம்பெனி சர்வரில் என் பெயரில்தான் இருக்கிறது. திருத்தம் கேட்டு விண்ணப்பிக்க ஒரு படிவம் உண்டு, ஒரே பக்கம். அதை டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேன்.