மதிலுக்குள் ஒரு மரியம்

குழித்துறையாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த தேங்காய்ப்பட்டணம், தன் பழம்பெரும் பள்ளிவாசலாலும் தோப்பில் முகமது மீரானின் (1944-2019) எழுத்தாலும் பெயர் பெற்ற ஊர். அதன் அண்டையில் இருப்பவை நம் மீனவ மக்களின் கடற்றுறைகள். 1988இல் நூலாக வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யும், 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி'யும் நம்மவர் பலர் விரும்பிப் படித்த நாவல்கள். படித்தவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்கிறார்கள்: "பாவம் அந்தப் பெண்கள், திரைக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்களே!" இரக்கம் நல்லதுதான். ஆனால் அது நாவலை ஊன்றிப் படித்ததால் பிறந்த இரக்கமா என்பதில் நமக்கு ஐயம் உண்டு.

மீரானின் நாவல்களில் திரை என்பது பெரும்பாலும் துணியன்று, வீடுதான் திரை. உயர்ந்த மதில், உள்ளறை, கதவிடுக்கு, அடுக்களைப் புகை ஆகியவையே அங்குப் பெண்ணை மறைக்கின்றன. வாசற்படி தாண்டாதவளுக்கு முகத்திரை எதற்கு? வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் மகள் ஆயிஷாவின் திருமணம் அவள் மனத்தைக் கேளாமலே முடிவாகிறது. ஊருக்கு வரும் ஆங்கிலப் பள்ளியோ மார்க்கத்துக்குப் பகை எனத் தூற்றப்படுகிறது. 'சாய்வு நாற்காலி'யில் இந்த மதில் இன்னும் கொடிதாகிறது. பரம்பரைச் சொத்தை விற்றுத் தின்றுகொண்டே முஸ்தபாக்கண்ணு நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார். அவர் கையில் அதபுப் பிரம்பு. அடி வாங்குபவள் மனைவி மரியம். சவ்தா மன்ஸிலின் சுவர்கள் அவள் முகத்தை மட்டுமா மறைக்கின்றன? அவர் செய்யும் கொடுமையையும் ஊரார் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன. கௌரவம் என்ற சொல்லின் உட்புறத்தை இத்துணை அச்சமின்றித் திறந்து காட்டிய தமிழ் நாவல்கள் சிலவே. தம் சொந்தச் சமூகத்துக்குள் நின்று மீரான் இதை எழுதினார் என்பதையும் மறந்துவிடலாகாது.

எனினும் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். மீரானின் பெண்கள் அழுகிறார்கள், பொறுக்கிறார்கள், அல்லாஹ்வை அழைக்கிறார்கள். தங்களை மறைக்கும் திரையைப் பற்றி அவர்களே என்ன எண்ணுகிறார்கள் என்பது நமக்குப் போதிய அளவு கேட்பதில்லை. ஆசிரியர் கதவுக்கு வெளியே, மிகுந்த பரிவோடு நிற்கிறார். உள்ளேயிருந்து வரும் குரலைக் கேட்க, துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே பெண்கள் புலம்புவதோடு நிற்கவில்லை. சிரிக்கிறார்கள், வம்பு பேசுகிறார்கள், ஒருவரையொருவர் காவலும் காக்கிறார்கள். சட்டத்தை விதிப்பவர் ஆண். அதைக் கண்காணிப்பவர் பல வேளைகளில் மாமியார். மீரானிடம் நாம் காணாத உண்மை இது.

இவ்விருவர் நாவல்களிலும் முதன்மை பெறாத பெண்ணொருத்தி இன்று நம் பேருந்துகளில் நம்மோடு பயணம் செய்கிறாள். வளைகுடாப் பணம் வந்த காலத்தில் பரவிய கறுப்பு உடையை அணிந்து, கண்கள் மட்டும் தெரியக் கல்லூரிக்குச் செல்கிறாள். அவள் பாட்டி அணிந்தது வெள்ளைத் துப்பட்டி. இந்த முகத்திரை ஒருத்திக்கு இறைவனுக்குத் தான் விரும்பிக் கொடுக்கும் காணிக்கை. இன்னொருத்திக்கு உறுத்தும் பார்வையிலிருந்து தப்பும் வழி. வேறொருத்திக்கு வேனிற்கால வெக்கையில் மூச்சுமுட்டும் கடமை. புகுந்த வீட்டாருக்காகப் பூண்டது. வீட்டாரிடம் வெளியே போக அனுமதி பெற்றுத் தரும் சீட்டாக அதைக் கொள்பவளும் உண்டு. குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் ஆண்களுக்கே கட்டளையிடுகிறது; பிறகே பெண்களிடம் பேசுகிறது. முகத்தை மூடுவது கடமையா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹஜ்ஜின் இஹ்ராம் நிலையிலோ பெண் முகத்திரை அணிவதற்கு நபிமொழியிலேயே தடை இருக்கிறது.

இதையெல்லாம் நாம் ஏன் எண்ணிப் பார்க்க வேண்டும்? நமக்கும் இதில் பழங்கணக்கு உண்டு. கொரிந்தியருக்குத் தூய பவுல் எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தை நாம் அறிவோம். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் ஆலயத்தில் பெண்கள் தலையை மூடவேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்விதி இல்லை. ஆயினும் சேலைத் தலைப்பை முக்காடிட்டே நற்கருணை வாங்கும் நம் அன்னையரை யாரும் அடிமைகள் என்று அழைப்பதில்லை. இன்னும் பின்னே போனால் தோள்சீலைப் போராட்டம் வருகிறது. 1814இல் திருவிதாங்கூர் அரசு கிறிஸ்தவம் தழுவிய பெண்களுக்குக் குப்பாயம் அணிய அனுமதி தந்தபோது, சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணிவதைப் போன்ற குப்பாயம் என்றே குறித்தது. இம்மண்ணில் இஸ்லாமியப் பெண்ணின் உடை ஒரு காலத்தில் மானத்தின் அளவுகோலாயிருந்தது.

2019 உயிர்ப்புப் பெருவிழாவன்று இலங்கையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களிலும் மட்டக்களப்பிலும் சிந்திய இரத்தம் நம்முடையது. அடுத்த எட்டாம் நாளே அவசரகால விதியின்கீழ் அங்கு முகத்திரை தடைசெய்யப்பட்டது. அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் குண்டு வைத்தவரின் குற்றத்துக்காகத் தெருவில் நடந்த பெண்ணின் முகத்தின்மேல் கைவைத்த அந்த விதியும், மதிலுக்குள் அவளை வைத்த முதலாளியும் அவளைக் கேளாமலே முடிவு செய்தவர்கள்.

முஸ்தபாக்கண்ணுவின் மனைவிக்கு மீரான் இட்ட பெயர் மரியம். குர்ஆனில் ஓர் அத்தியாயமே அப்பெயரில் உள்ளது. நம் ஆலயங்களில் அந்தப் பெயருக்குரிய அன்னையின் சுரூபங்கள் பெரும்பாலும் முக்காட்டுடனேயே நிற்கின்றன. பின்னர் 'அஞ்சுவண்ணம் தெரு'வில் (2008) தர்கா மரபும் புதிய தூய்மைவாதமும் மோதுவதை மீரான் எழுதினார். அந்த மோதல் மரியத்தின் பேத்தியுடைய உடையை எப்படி மாற்றியது, அதை அவள் எப்படி ஏற்றாள் அல்லது மறுத்தாள் என்பதை, தேங்காய்ப்பட்டணத்துப் பெண்ணொருத்தியே எழுதிப் படிக்க விரும்புகிறோம்.